ஓமனாவின் விளையில் எளிய நுழைவு

காட்டுப்பன்றியைச் சுட ஆள் வேண்டுமென்றால் முதலில் கணக்கு தொடங்க வேண்டும். அந்த ஆளுக்குத் துப்பாக்கி உண்டு, உரிமம் உண்டு, பஞ்சாயத்து வைத்திருக்கும் பட்டியலில் பெயர் உண்டு. ஆனால் பன்றியிடம் பயிரைப் பறிகொடுத்தவர் கைப்பேசியில் செயலியை இறக்கி, தனக்கென்று ஒரு கணக்கு தொடங்கி, அந்தக் கணக்கின் வழியாகக் கோரிக்கை அனுப்பினால்தான் சுடுகிறவருக்கு அனுமதி எண் வரும். எண் வராமல் சுட்டால் அது வேட்டை. வந்தபின் சுட்டால் அது சேவை.

ஓமனாவுக்கு இந்த வித்தியாசம் புரியவில்லை. கேரள எல்லையில், வெள்ளறடைக்கும் பனச்சமூட்டுக்கும் நடுவில் ஒரு விளை நிலத்தைக் குத்தகைப் பாட்டத்துக்கு எடுத்து மரச்சீனிக் கிழங்கு நட்டிருந்தாள். கணவன் கோட்டயம் பக்கம் ரப்பர் வெட்டப் போயிருந்தான். போன வருடப் பயிரைப் பன்றி தின்றது. இந்த வருடமும் தின்றால் விளையைத் திரும்ப வாங்கி ரப்பர் நடப்போவதாக நிலத்துக்காரர் சொல்லிவிட்டார். "ரப்பர பன்னி தின்னாது, ஓமனா. பன்னிக்கும் அறிவு உண்டு" என்றார். இந்த விளையும் போனால் ஓமனாவுக்கு வேறு விளை கிடைக்காது. அந்தப் பக்கத்தில் பாட்டத்துக்கு விட வேறு எவரிடமும் நிலம் மிச்சமில்லை.

துப்பாக்கிக்காரர் தாணு அடுத்த வீட்டில்தான் இருந்தார். காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, பன்றி உழுதுபோட்ட விளையைப் பார்த்து உச்சுக் கொட்டுவார்.

"தாணு அண்ணே, தோக்கு உண்டு, உண்டை உண்டு, பன்னியும் உண்டு. பின்ன உங்களுக்கு என்னதான் இல்ல?"

"நம்பர் இல்ல மக்கா. நம்பர் வராம சுட்டா கேசு எனக்க தலையில ஆக்கும். பன்னிக்குப் போறது உயிரு. எனக்கு லைசன்ஸ் போவும். பன்னிக்கு ஒரு தடவ செத்தா தீந்துது. எனக்கு ரினியூவல் உண்டும்மா."

ஆகவே ஓமனா கணக்கு தொடங்க உட்கார்ந்தாள்.

செயலியின் பக்கம் முதற்பெயர் கேட்டது, நடுப்பெயர் கேட்டது, குடும்பப்பெயர் கேட்டது. ஓமனாவுக்கு இருந்தது ஒரே பெயர். அதை மூன்று கட்டத்திலும் எழுதினாள். பெயர்களில் வேற்றுமை போதாது என்றது பக்கம். கடவுச்சொல்லில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் எண்ணும் குறியும் வேண்டும் என்றது. அதையும் எப்படியோ தாண்டினாள். கடைசியில் அவள் மனிதர்தானா என்று சோதிக்க ஒன்பது படம் காட்டி, பன்றி உள்ள படங்களைத் தொடச் சொன்னது. படங்களில் இருந்தவை வெளிநாட்டுப் பண்ணையில் குளித்துவிட்டு நிற்கும் வெளுத்த பிராணிகள். அவை பன்றி என்று ஓமனாவுக்குத் தோன்றவில்லை. ஒன்றையும் தொடவில்லை. 'நீங்கள் மனிதர் என்பதை எங்களால் உறுதி செய்ய இயலவில்லை' என்று சொல்லிவிட்டுப் பக்கம் மூடிக்கொண்டது.

வெள்ளறடை சந்திப்பில் உரக்கடைக்கு மேலே 'எளிய நுழைவு இயக்கம்' என்று பலகை தொங்கும் அலுவலகம் இருந்தது. இணையத்திலும் கைப்பேசியிலும் மக்கள் கணக்கு தொடங்கும் பக்கங்களை எளிமைப்படுத்துவதற்காகவே தொடங்கிய அமைப்பு. அதுவரை அங்கே யாரும் புகார் சொல்ல வந்ததில்லை. புகார் சொல்வதற்கும் கணக்கு வேண்டியிருந்தது. ஓமனா அது தெரியாமல் நேராக மாடியேறி வந்துவிட்டதால் அலுவலகமே எழுந்து நின்றது.

இயக்குநர் அனந்தகிருஷ்ணனின் தாத்தா ராஜா காலத்தில் அரசாங்கக் கச்சேரியில் எழுத்தர். ஒரு விண்ணப்பத்தை எல்லா மேசையையும் சுற்றவைத்து, புறப்பட்ட மேசைக்கே கொண்டுவந்து சேர்த்தவர் என்று குடும்பத்தில் பெருமை உண்டு. பேரன் அதே வேலையை மேசை இல்லாமல் செய்தார்.

"நீங்க தோத்தது உங்க குற்றமில்ல. பக்கத்தின் குற்றம்" என்றார் ஓமனாவிடம். "இந்த இயக்கம் பயனாளரை ஒருபோதும் குறை சொல்லாது. அவரை உற்றுக் கவனிக்கும்."

"கவனிச்சு என்ன செய்யும் சாரே?"

"குறித்துவைக்கும்."

அவருக்கு அடுத்த நிலையில் இருந்த ஸ்ரீகலா ஓமனாவின் கழுத்தில் நாடா கட்டிய ஓர் அட்டையை மாட்டிவிட்டாள். அதில் 'மாதிரிப் பயனாளர்' என்று எழுதியிருந்தது. மற்றவர்கள் தோற்றால் நெட் இல்லை என்பார்கள், கண்ணாடி கொண்டுவரவில்லை என்பார்கள். ஓமனா எந்தச் சாக்கும் இல்லாமல் தோற்றிருந்தாள். அப்படி ஒருவரைத்தான் தொடங்கிய நாளிலிருந்து தேடிக்கொண்டிருந்ததாக ஸ்ரீகலா சொன்னாள்.

அன்றிலிருந்து ஓமனாவின் கட்டைவிரலைப் படம் பிடித்தார்கள். அவள் திரையைப் பார்க்கும்போது புருவம் எவ்வளவு சுருங்குகிறது என்று குறித்தார்கள். மரச்சீனிக் கறை பிடித்த விரலைத் திரை மதிப்பதில்லை என்று கண்டுபிடித்து, அதற்கு ஒரு அறிக்கை எழுதினார்கள். கறை பிடித்த விரல், ஈர விரல், விரலே அல்லாத எது பட்டாலும் ஏற்கும்படி திரையை மாற்றப் பரிந்துரைத்தார்கள்.

ஒருநாள் ஓமனா கடைசிக் கட்டம்வரை வந்துவிட்டாள். விரல் அழுத்தப்போன நேரத்தில் ஸ்ரீகலா மெதுவாகக் கைப்பேசியை வாங்கிக்கொண்டாள்.

"என்ன மோளே, முடிஞ்சில்லா?"

"முடியக்கூடாது சேச்சி. உள்ள போயிட்டா நீங்க பழகினவங்க ஆயிருவீங்க. பிறகு உங்களை வச்சு ஆராய முடியாதே. உங்கள மாதிரி இன்னொரு ஆளுக்கு நாங்க எங்க போவோம்?"

"அப்ப நான் எப்பதான் உள்ள போறது?"

"பக்கம் எளிமையானதும்."

"எனக்க வெளையில பன்னி நிக்குது, மோளே."

"தெரியும் சேச்சி. அந்த அவசரம் உங்க முகத்துல நல்லா தெரியுது. அதும் எங்களுக்கு வேணும்."

பிறகு நெய்யாற்றின்கரையில் ஒரு மண்டபத்தில் பட்டறை நடந்தது. பக்கத்திலிருந்து கட்டங்களை ஒவ்வொன்றாக நீக்குவது நோக்கம். அனந்தகிருஷ்ணன் தொடங்கிவைத்துப் பேசினார். "நண்பர்களே, ஒரு பக்கம் மக்களிடம் எதையும் கேட்கக் கூடாது. கேட்பது அநாகரிகம். கேட்க வேண்டியதையெல்லாம் அவர்கள் முன்பே கொடுத்துவிட்டு வர வேண்டும்." கைதட்டல் வெகுநேரம் அடங்கவில்லை.

அதன்படி பெயர்க் கட்டத்தை நீக்கினார்கள். அதற்குப் பதில் பெயர் உண்டு என்பதற்குக் கிராம அலுவலகச் சான்று. முகவரிக் கட்டத்தை நீக்கினார்கள். பதிலுக்கு விளையின் அளவு வரைபடம். கடவுச்சொல்லை நீக்கினார்கள். தனக்குக் கடவுச்சொல் இல்லை என்று விண்ணப்பதாரர் முத்திரைத்தாளில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். பன்றிப் படங்களை நீக்கினார்கள். மனிதர்தான் என்று அரசு மருத்துவரிடம் எழுதி வாங்கிவர வேண்டும். மருத்துவர் ஓமனாவை மேலும் கீழும் பார்த்து, பொறுப்பைத் தன்மேல் எடுத்துக்கொள்ளாமல், 'பார்வைக்கு மனிதர்' என்று எழுதிக் கொடுத்தார்.

பக்கம் வெளுத்துக்கொண்டே வந்தது. ஓமனாவின் கையிலிருந்த பை கனத்துக்கொண்டே போனது.

பட்டறையின் இரண்டாம் அமர்வில் அவளையும் பேச அழைத்தார்கள். "சாரே, பன்னி கீழ்ப்பக்கத்த முழுக்கத் தீத்துட்டு. இனி மேல்ப்பக்கம்தான் பாக்கி. அதயாவது காப்பாத்தணும்" என்றாள். நடவடிக்கைக் குறிப்பில் இது இப்படிப் பதிவானது: 'பயனாளர் கீழ்ப்பகுதியில் சிரமம் உணர்கிறார். பொத்தானை மேலே நகர்த்தவும்.' நகர்த்தினார்கள்.

அந்தப் பொத்தானில் என்ன எழுதுவது என்று அடுத்த சண்டை. 'தொடங்கு' என்றால் அதிகாரத் தொனி. 'தொடங்கலாம்' என்றால் தயக்கம். எது எழுதினாலும் படிக்கத் தெரிந்தவருக்குத்தான் அனுகூலம் என்று ஒருவர் சொல்ல, சமத்துவம் கருதி எழுத்தையே எடுத்துவிட்டார்கள். முடிவில் மிஞ்சியது வெள்ளைத் திரை, நடுவுக்குக் கொஞ்சம் மேலே சோற்றுத் தட்டு அளவில் ஒரு பச்சை வட்டம். ஒரே தொடுதல். கணக்கும் தொடங்கும், துப்பாக்கிக்காரருக்கு எண்ணும் போகும்.

இதைப் பயனாளரின் இடத்திலேயே திறந்துவைக்க வேண்டும் என்று அனந்தகிருஷ்ணன் முடிவு செய்தார். ஓமனாவின் விளையில் ஒரு கம்பம் நட்டு, அதில் திரையைப் பொருத்துவதாக ஏற்பாடு. கிழக்கு மூலையில் நட்டுப் பார்த்தபோது, விளை தமிழ்நாட்டில் இருப்பதாகத் திரை சொன்னது. எல்லை அப்படி. நாலடி தள்ளினால்தான் கேரளம் வந்தது. வந்த இடத்தில் பன்றி தின்னாமல் விட்டிருந்த நல்ல மரச்சீனி மூடுகள் நின்றன. இயக்கம் அவற்றைப் பிடுங்கிப்போட்டுக் கம்பம் நட்டது.

திரையைச் சுற்றிக் கண்ணாடிப் பெட்டி, பூட்டு, குறுக்கே நாடா. திறப்பு விழாவுக்கு முன்னால் ஓமனா தொட்டுவிட்டால் முதல் பயனாளர் என்ற தகுதி போய்விடும், கோரிக்கையும் ரத்தாகும் என்று எழுத்தில் கொடுத்தார்கள். கம்பத்தின் இரண்டு பக்கமும் குலை தள்ளிய வாழையை ஆட்கள் கட்டத் தொடங்கியபோது ஓமனா ஓடிவந்தாள்.

"சாரே, குலையோட வாழய இங்க கட்டாதீங்க. மணம் அடிச்சா மலையில உள்ள பன்னி முழுக்க எறங்கி வரும்."

"மங்களகரமா இருக்க வேண்டாமா?" என்றார் அனந்தகிருஷ்ணன். "தவிர, விழா நாளைக்குத்தான். அழைப்பு கிடைக்காதவர்கள் யாரும் வர மாட்டாங்க."

விடிகாலையில் தாணுவின் கைப்பேசி மணியடித்தது. எடுத்துப் பார்த்தார். எண் வந்திருந்தது. கோரிக்கை: பன்றி. இடம்: ஓமனாவின் விளை. கோரியவர்: பயனாளர் ஒன்று. ஓமனா பொறுமையிழந்து பெட்டியை உடைத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு, அதில் சந்தோஷமும் பட்டுக்கொண்டு, துப்பாக்கியோடு வேலி தாண்டினார். கம்பத்தடியில் வாழை இரண்டும் சரிந்து கிடந்தன. கண்ணாடிப் பெட்டி நொறுங்கியிருந்தது. ஒரு பெரிய ஆண் பன்றி முன்னங்கால்களைக் கம்பத்தில் ஊன்றி எழுந்து, பழக்கூழ் அப்பிய மூக்கால் பச்சை வட்டத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது. வட்டத்தின்மேல் 'நல்வரவு' என்று ஒளிர்ந்தது.

தாணு எண்ணை இன்னொரு தடவை சரிபார்த்துவிட்டுச் சுட்டார்.

சத்தம் கேட்டு ஓமனா வந்தாள். "யம்மா! நம்பர் ஆரு குடுத்தது அண்ணே?"

தாணு துப்பாக்கிக் குழலால் காட்டினார். "அதுவேதான். ஒனக்கு எத்தன நாளா வரல்ல. அது வந்து ஒரு நக்கு நக்கிச்சு, வந்துட்டு."

பன்றியைச் சட்டப்படி, யாரும் எடுத்துத் தின்னாதபடி மண்ணெண்ணெய் ஊற்றி, விளையின் ஓரத்திலேயே புதைத்தார்கள்.

அனந்தகிருஷ்ணன் வந்தபோது முதலில் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக் கத்தினார். பிறகு ஸ்ரீகலா தன் கைக்கணினியில் புள்ளிவிவரத்தைக் காட்டினாள். பதிவுகள்: ஒன்று. பிழைகள்: இல்லை. பாதியில் விட்டுப் போனவர்: இல்லை. கோரிக்கை நிறைவேறியதா: ஆம். அவர் கத்துவதை நிறுத்திவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இயக்கம் தொடங்கியதிலிருந்து ஒருவர் வெற்றிகரமாகக் கணக்கு தொடங்கியது அதுவே முதல் தடவை.

விழா தள்ளிப்போகவில்லை. நாற்காலி போட்டார்கள். ஒலிபெருக்கி வந்தது. நாளிதழ்க்காரர் இருவர் வந்து வடை தின்றார்கள். அனந்தகிருஷ்ணன் பேசினார்:

"ஒரு பக்கம் எவ்வளவு எளிமையாக இருக்க முடியும் என்று எங்களைப் பலர் ஏளனம் செய்தார்கள். இன்று காலை அவர்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. விரல் இல்லாதவர், எழுத்தறியாதவர், ஆவணம் ஒன்றுகூட இல்லாதவர், யாருடைய உதவியும் இல்லாமல் உள்ளே வந்திருக்கிறார். சேவையையும் பெற்றிருக்கிறார். காத்திருக்கும் நேரம் சில நிமிடம்தான். சேவைக்குப் பின் அவரிடமிருந்து ஒரு குறையும் வரவில்லை."

ஓமனா பையைத் தூக்கிக்கொண்டு மேடையோரம் போனாள். "சாரே, பேப்பர் ஒண்ணும் இல்லாம உள்ள போகலாம் இல்லியா? அப்ப நான் ஓடி ஓடி வாங்கினது இதெல்லாம் என்னத்துக்கு?"

"அது கேட்டு வருகிறவர்களுக்கு, சேச்சி" என்றார் அவர் பொறுமையாக. "கேட்காமல் வருகிறவரிடம் நாம எப்படிச் சான்று கேட்க முடியும்?"

எல்லாச் சான்றையும் ஸ்ரீகலா சரிபார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தன. நாடாவை வெட்டினார்கள். ஓமனாவின் கைப்பேசியில் புதிய வெள்ளைப் பக்கத்தைத் திறந்து கொடுத்து, அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினாள். 'இந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு பயனாளர் இருக்கிறார்' என்றது.

நாளிதழ்க்காரர்கள் வடையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்கள்.

"ஓர் இடத்துக்கு ஒரு கணக்கு. குழப்பம் வரக்கூடாதுன்னு நாங்களே வச்ச விதி" என்றாள் ஸ்ரீகலா. "பழைய பயனாளர் வந்து கணக்க மூடினாப் போதும் சேச்சி."

"அது குழிக்குள்ள கெடக்கு, மோளே."

"அப்படின்னா வாரிசு வரலாம்" என்றார் அனந்தகிருஷ்ணன். இயக்கத்தில் எதற்கும் வழி உண்டு என்று காட்டுகிற சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது.

"வாரிசு வரத்தான் செய்யுது, சாரே. தள்ளயும் குட்டிகளுமா தெனம் வந்து தின்னுட்டுப் போவுது. கையெழுத்து வாங்க நீங்க வந்து நிக்கிறியளா?"

ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லி அனந்தகிருஷ்ணன் சைகை காட்டினார். கம்பத்தைக் கழற்றிக்கொண்டு போக மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. திறந்துவைத்ததைக் கழற்றுவதற்கு இயக்கத்தில் தனிப் பிரிவு உண்டு. அது திருவனந்தபுரத்தில் இருந்தது.

நாற்காலிகளை ஏற்றிய வண்டி போனபின் ஓமனா கம்பத்தின் முன் நின்றாள். திரை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பச்சை வட்டத்தில் கை வைத்தாள். 'மீண்டும் வருக, பயனாளரே. உங்கள் கோரிக்கை அனுப்பப்பட்டது.'

வேலிக்கு அந்தப் பக்கம் தாணுவின் கைப்பேசி மணியடித்தது.

"எலே, ஆருலே அமுக்கினது?"

"பன்னி."

"அது செத்துல்லா போச்சு?"

"பன்னிதான் அண்ணே செத்தது. கணக்கு ஜீவனோட இருக்கு."

தாணு தலையைச் சொறிந்தார். எண்ணைப் பார்த்தார். முறையான எண்தான். முத்திரையும் இருந்தது. மறுநாள் விடியும்போது விளையோரம் போய் உட்கார்ந்தார். தாய்ப்பன்றி வந்தது. சட்டப்படி செத்தது.

செய்தி பரவ வெகுநேரம் ஆகவில்லை. பக்கத்து விளைக்காரி ஞானபாய்தான் முதலில் வந்தாள். "ஓமனா, உனக்க பன்னிக்க பேருல எனக்கும் ஒண்ணு அமுக்கித் தா பிள்ளே. எனக்க சேம்பு முழுக்கப் போச்சு." ஓமனா அழுத்தினாள். கோரியவர் யார், எந்த விளை என்று பார்த்துச் சுட தாணுவுக்குக் கடமை இல்லை, எண்தான் முக்கியம். மறுநாள் ஒற்றசேகரமங்கலம் பக்கமிருந்து ஆட்டோ பிடித்து ஆட்கள் வந்தார்கள். விளையின் வரம்பில் வரிசை நின்றது. வெள்ளறடையிலிருந்து மலையடிவாரம்வரை பன்றிக்கு எதிராகப் போன புகாரெல்லாம் அந்தப் பன்றியின் பெயரிலேயே போனது.

இயக்கத்தின் காலாண்டு அறிக்கையில் இந்த வட்டாரத்துக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கினார்கள். சராசரிப் பயனாளர் நாளொன்றுக்குப் பலமுறை உள்ளே வருகிறார், ஒருமுறைகூடக் குழம்பவில்லை, சேவையை மற்றவர்களுக்கும் பரிந்துரைக்கிறார் என்று அதில் இருந்தது. ஒரு வட்டாரத்துக்கு ஒரே கணக்கு போதும், மற்றவர்கள் தொடங்க முடியாமல் இருப்பதே மிகவும் எளிமை என்ற முடிவுக்கு அனந்தகிருஷ்ணன் வந்திருந்தார். ஓமனாவின் கழுத்து அட்டையைத் திரும்பக் கேட்டுக் கடிதம் வந்தது. மாதிரிப் பயனாளர் மாறிவிட்டார்.

மரச்சீனி மேற்பக்கத்தில் மட்டும் தப்பியது. நிலத்துக்காரர் வந்து பிடுங்கிய கிழங்கைக் கையில் தூக்கிப் பார்த்தார். இன்னொரு வருடம் பார்க்கலாம், ரப்பருக்கு அவசரமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடைசி வரிசையை ஓமனா பிடுங்கிக்கொண்டிருந்த அன்று ஸ்ரீகலா விளைக்கு வந்தாள். கையில் கைக்கணினி. வரம்பில் வழுக்காமல் இருக்கச் செருப்பைக் கழற்றி மறு கையில் பிடித்திருந்தாள்.

"சேச்சி, பயனாளர் திருப்தி ஆய்வு. நாலு கேள்விதான். ரொம்ப எளிமை."

"கேளு."

"உங்ககிட்ட இல்ல, சேச்சி. நீங்க பயனாளர் கிடையாதே. கணக்கு வச்சிருக்கிற ஆளுதான் பதில் சொல்லணும். வேற ஆளு சொன்னா செல்லாது."

ஓமனா கிழங்கை வைத்துவிட்டு நிமிர்ந்து, முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். கிழக்கு வரம்பை ஒட்டி மண் மேடுதட்டியிருந்த இடத்தைக் காட்டினாள். பிறகு மண்வெட்டியை எடுத்து ஸ்ரீகலாவின் கையில் கொடுத்தாள்.

"அங்கதான் இருக்காரு. ரொம்ப ஆழம் இல்ல. தோண்டிக் கேட்டுட்டு, மண்ண மறக்காம மூடிட்டுப் போ மோளே. அடுத்த வாரம் நான் அங்க மரச்சீனிக் கம்பு நடணும்."